மூன்று வாரம் காட்டில் தாக்குப்பிடித்தார்கள்; நம்ம ஏரியாவில் மூன்று நாள் தாங்குவார்களா?

மாதவரம்_செல்வம் | சனி, இரவு 9.40

நைட் ஷிஃப்ட் பழக்கத்தில் தூக்கம் வராமல் பழைய ஜெயில் தப்பிப்புக் கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்று மண்டையைக் குடைகிறது. 2015 ஜூன் 6. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், டேனமோரா என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் கிளின்டன் சிறையிலிருந்து ரிச்சர்ட் மாட், டேவிட் ஸ்வெட் என்ற இரண்டு கொலைக் கைதிகள் தப்பினார்கள். ஆள் படுத்திருப்பது போலப் படுக்கையில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, செல்லின் பின்பக்க இரும்புச் சுவரை அறுத்து, நீராவிக் குழாய்க்குள் புகுந்து, சுவருக்கு வெளியே தெருவில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். 'நல்லா இருங்க' என்கிற மாதிரி ஒரு சீட்டு வேறு ஒட்டிவிட்டுப் போனார்கள்.

தப்பித்த விதம் ஊருக்கே தெரியும். எனக்குச் சந்தேகம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட போலீசார், ஹெலிகாப்டர், மோப்ப நாய், ஆரம்பத்திலேயே தலைக்கு 50,000 டாலர் பரிசு. அப்படியும் மூன்று வாரம் தண்ணி காட்டினார்கள். எப்படி?

அப்புறம் இன்னொரு கேள்வி. இதே இரண்டு பேர் புழல் சிறையிலிருந்து வெளியே வந்து வடசென்னைக்குள் புகுந்திருந்தால் எத்தனை நாள் தாங்கியிருப்பார்கள்? உங்கள் கணக்கைச் சொல்லுங்கள்.

பேசின்பிரிட்ஜ்_பாபு | சனி, இரவு 9.58

மூன்று நாள் என்ன, மூன்று வருஷம் இருக்கலாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் எல்லாம் சந்துக்குள் சந்து. போலீஸ் ஜீப் உள்ளே நுழையாது. இந்தப் பக்கம் துரத்தினால் அந்தப் பக்கம் ரயில்வே லைன். காசிமேட்டில் லாஞ்சு ஏறினால் விடிவதற்குள் ஆந்திரா. செங்குன்றம் தாண்டிவிட்டால் ஹைவேயில் லாரிக்கா பஞ்சம்? அமெரிக்காக்காரன் காட்டில் கஷ்டப்பட்டான். இங்கே அதற்கு அவசியமே இல்லை.

கொருக்குப்பேட்டை_கல்பனா | சனி, இரவு 10.15

பாபு அண்ணா, பேரில்தான் பேசின்பிரிட்ஜ் இருக்கிறது போல. நீங்கள் சொல்வது அண்ணா நகரில் உட்கார்ந்துகொண்டு வடசென்னையைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்வது.

எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு நாய் வந்தாலே எந்த வீட்டு நாய் என்று நாலு பேர் விசாரிப்பார்கள். சந்து குறுகல் என்றால் ஜீப் நுழையாதுதான், ஆனால் எதிர்வீட்டுக்காரி மூக்கு நுழையும். தண்ணி லாரிக்குக் குடம் போட்டு நிற்கும்போது யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்துவிடும். ஒற்றை அறை வீடு, வாசலிலேயே அடுப்பு, கழிப்பறைக்கு வெளியேதான் போக வேண்டும். இதில் வெளியாள் ஒருவனை எங்கே வைத்து மறைப்பது? கட்டிலுக்கு அடியிலா? அங்கே ஏற்கெனவே அரிசி மூட்டை இருக்கிறது.

ஓய்வுபெற்ற_ஏட்டு | சனி, இரவு 10.52

கல்பனா அம்மா சொன்னதுதான் சரி. காக்கியைக் கழற்றிச் சில வருஷம் ஆகிவிட்டது, அதனால் கொஞ்சம் தாராளமாகப் பேசலாம்.

பேப்பரில் 'ஐந்து தனிப்படைகள் அமைத்து வலைவீசித் தேடி வருகின்றனர்' என்று போடுவார்கள். ஒரு தனிப்படை என்பது என்ன தெரியுமா? ஒரு எஸ்.ஐ., மூன்று நான்கு போலீசார், யாரிடமோ கேட்டு வாங்கிய ஒரு கார். அவ்வளவுதான். சினிமா மாதிரி தெருத்தெருவாக ஓட மாட்டோம். முதல் வேலை பட்டியல் எழுதுவது. பெண்டாட்டி, பெண்டாட்டிக்குத் தெரியாத இன்னொருத்தி, அம்மா, அக்கா வீட்டுக்காரர், பழைய கேஸில் கூட இருந்தவன். ஜெயிலிலிருந்து தப்பியவன் என்றால் கடைசி ஆறு மாதத்தில் அவனை மனு போட்டுப் பார்க்க வந்தவர்கள் யார், பக்கத்து செல்லில் இருந்து சமீபத்தில் ரிலீஸ் ஆனவன் யார் என்பதும் சேரும். இந்தப் பட்டியலுக்கு வெளியே போய் ஒளிந்தவன் ரொம்பக் குறைவு. ஏன் என்றால் பட்டியலுக்கு வெளியே இருப்பவன் சோறு போட மாட்டான்.

ஒரு கேஸ் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு மூன்று மாடி வீடு. மேல் மாடியில் ஒரு பெண்மணி, அவருடைய பள்ளிக்கூடம் போகும் மகள், இரண்டே பேர். கணவர் வெளிநாட்டில். தேடப்பட்டவனுக்கு அந்தப் பெண்மணி தூரத்துச் சொந்தம். நாங்கள் வாசலைப் பார்க்கவே இல்லை. எதிர்க் கட்டடத்திலிருந்து மொட்டைமாடிக் கொடியைப் பார்த்தோம். நைட்டி, பாவாடை, யூனிஃபார்ம், நடுவில் நீலக் கட்டம் போட்ட ஒரு கைலி. சரி, வீட்டுக்காரருடைய பழைய கைலியாக இருக்கலாம். மறுநாளும் அதே கைலி, அதே இடத்தில், ஈரமாக. மூன்றாம் நாளும் அதே. பெட்டியில் கிடக்கும் கைலியை யார் தினம் துவைப்பார்கள்? கட்டிய துணியோடு வந்து சேர்ந்தவன்தான் தினம் துவைத்துக் காயப் போட்டுக் கட்டுவான். மதியம் கைலி கொடியில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஏறினோம். துண்டோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். துண்டோடு ஓட வெட்கப்பட்டானோ என்னவோ, கையைத் தூக்கிவிட்டான்.

பேசின்பிரிட்ஜ்_பாபு | சனி, இரவு 11.04

ஏட்டையா, இதில் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டு போட்ட பகுதியை விட்டுவிட்டீர்களே.

ஓய்வுபெற்ற_ஏட்டு | சனி, இரவு 11.09

அவன் விழவில்லை தம்பி. நல்லபடியாக வந்து வேனில் ஏறினான்.

பிளாட்ஸ்பர்க்_வாசி | ஞாயிறு, காலை 7.20

வணக்கம். பிறந்து வளர்ந்தது பெரம்பூர். இப்போது இருப்பது பிளாட்ஸ்பர்க், டேனமோரா இங்கிருந்து காரில் அரை மணி நேரம். 2015-ல் இங்கேதான் இருந்தேன். வேலைக்குப் போகும் வழியில் தடுப்பு போட்டு டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்தச் சிறைப் பக்கத்துப் பள்ளிகளைச் சில நாள் மூடிவிட்டார்கள்.

செல்வம் கேட்ட 'எப்படி' என்பதற்கு என் பதில்: அவர்கள் மூன்று வாரம் ஒளிந்திருக்கத் திட்டம் போடவே இல்லை. சிறையின் தையல் கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர்தான் மாட்டிறைச்சிக்குள் வைத்து அறுக்கும் பிளேடுகளை உள்ளே அனுப்பியவர். அன்று இரவு காரோடு வந்து ஏற்றிக்கொள்வதாகவும் பேச்சு. போக நினைத்த இடம் மெக்சிகோ. கடைசி நிமிஷத்தில் அவருக்குப் படபடப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். இவர்கள் மேன்ஹோலிலிருந்து வெளியே வந்து பார்த்தால் கார் இல்லை. மாதக் கணக்கில் சுவரை அறுத்த ஆட்களிடம் கார் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்குத் திட்டம் எதுவும் இல்லை. நடந்தே காட்டுக்குள் போனார்கள்.

இந்தக் காடு வெறும் காடு இல்லை. ஊருக்கு வெளியே நிறைய வேட்டைக் குடில்கள் உண்டு. இலையுதிர் காலத்தில்தான் ஆட்கள் வந்து தங்குவார்கள், ஜூனில் பூட்டிக் கிடக்கும். உள்ளே டின் சாப்பாடு, போர்வை, சாராயம், சில இடங்களில் துப்பாக்கியே இருக்கும். ஒரு குடிலில் கிடைத்த டிஎன்ஏ தடயத்தை வைத்துத்தான் போலீசுக்குத் திசையே பிடிபட்டது. ஆக மூன்று வாரம் என்பது அவர்கள் சாமர்த்தியத்தில் பாதி, பூட்டிக் கிடந்த சமையலறைகளின் புண்ணியத்தில் பாதி.

முடிவு இன்னும் கேவலம். மாட் குடிக்க ஆரம்பித்தான், நடக்க முடியவில்லை. இவனோடு இருந்தால் நானும் மாட்டுவேன் என்று ஸ்வெட் கழன்றுகொண்டான். ஜூன் 26 அன்று, தன் 49-வது பிறந்தநாளுக்கு மறுநாள், ஒரு கேம்பர் வண்டியை நோக்கி மாட் சுட்டிருக்கிறான். அதைக் கேட்டு வந்த போலீசார் தேடும்போது புதரிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். ஸ்வெட் ஜூன் 28 அன்று கனடாவுக்கு 3 கிலோமீட்டர் இருக்கும்போது, சாலையோரமாகப் போனவனைத் தனியாக ரோந்து வந்த ஒரு சார்ஜென்ட் பார்த்துவிட்டார். கூப்பிட்டும் நிற்காமல் ஓடினான், இரண்டு குண்டு. பிழைத்துக்கொண்டான். ஆயிரம் பேர் தேடினார்கள், பிடித்தது ஒருத்தர்.

தொழிற்பேட்டை_தினேஷ் | ஞாயிறு, காலை 8.05

எல்லோரும் 2015-லேயே நிற்கிறீர்கள். 2023-க்கு வாருங்கள். பென்சில்வேனியாவில் டனேலோ கவல்கான்டே என்று ஒருத்தன், இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு பக்கம் கையும் மறுபக்கம் காலும் ஊன்றி நண்டு மாதிரி மேலே ஏறித் தப்பினான். வீடியோவே இருக்கிறது. ஆகஸ்ட் 31-ல் தப்பியவனைச் செப்டம்பர் 13-ல் பிடித்தார்கள். மேலே பறந்த விமானத்தில் இருந்த வெப்பக் கேமராவில் உடம்புச் சூடு தெரிந்தது. இடி மின்னல் வந்து விமானம் திரும்பிவிட, விடியும் வரை சுற்றி நின்று, கடைசியில் நாயை விட்டுப் பிடித்தார்கள். இப்போது நம்ம போலீசிடமும் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் ஆப் இருக்கிறது. டவர் டம்ப் எடுத்தால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த போன் எல்லாம் வந்துவிடும். தெருவுக்குத் தெரு கேமரா. இனிமேல் ஒளிவதெல்லாம் முடியாத காரியம்.

புழல்ஏரி | ஞாயிறு, காலை 8.31

வெப்பக் கேமராவை மே மாதம் மதியம் கொடுங்கையூரில் பறக்கவிட்டுப் பாருங்கள். தகரக் கூரை, குப்பை மேடு, ஆட்கள் எல்லாம் ஒரே சூடுதான்.

கேமரா விஷயம். 'மூன்றாவது கண்' என்று 2018 வாக்கில் நகரம் முழுக்க மாட்டினார்கள். உண்மையிலேயே பயன்பட்டது, செயின் பறிப்பில் நிறையப் பேர் மாட்டினார்கள். ஆனால் எங்கள் தெருமுனையில் மாட்டியது ரிப்பன் வெட்டிய போட்டோவோடு சரி. இப்போது அதில் குருவி கூடு கட்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற_ஏட்டு | ஞாயிறு, காலை 9.00

தினேஷ் தம்பி சொல்வதில் ஒன்று உண்மை. போன் வந்த பிறகு எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது. தப்பியவன் போனைத் தொட மாட்டான், அந்த அளவுக்கு விவரம் எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் யாருடைய போனிலாவது பேசுவான். பேசாமல் இருக்கத் தெரிந்தவன் முதலில் ஜெயிலுக்கே வந்திருக்க மாட்டான்.

பேசின்பிரிட்ஜ்_பாபு | ஞாயிறு, காலை 9.17

நாய் பற்றி யாரும் பேசவில்லையே. டேனமோரா ஆட்கள் மிளகுத் தூள் தூவிக்கொண்டே போனதாகப் படித்தேன். நம்ம ஊர் வீடு புகுந்து திருடுபவன் மிளகாய்ப் பொடி தூவுகிறான். அவனிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்களோ?

ஓய்வுபெற்ற_ஏட்டு | ஞாயிறு, காலை 9.40

'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' நான் வேலையில் சேர்ந்ததிலிருந்து பேப்பரில் மாறாத வரி இது. மிளகாய்ப் பொடியால் நாய் நிற்பதில்லை. தெருமுனை வரை வாசனை இருக்கும், அதற்குப் பிறகு ஆயிரம் பேர் நடந்த மெயின் ரோடு, மீன்கூடை, டீசல். அல்லது அந்த இடத்தில் அவன் வண்டி ஏறியிருப்பான். நாய் நின்ற இடம் எது என்பதே ஒரு துப்புதான். ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்தில் நின்றால் ஆட்டோக்காரர்களைக் கேட்போம்.

மிளகு டப்பா டேனமோராவில் என்ன ஆனது என்று அமெரிக்கத் தம்பிதான் சொல்ல வேண்டும்.

பிளாட்ஸ்பர்க்_வாசி | ஞாயிறு, காலை 10.02

டப்பாவிலேயே ஸ்வெட்டுடைய டிஎன்ஏ கிடைத்தது ஐயா. நாயை ஏமாற்ற வைத்திருந்ததே அவனைக் காட்டிக் கொடுத்தது.

காசிமேட்டு_லாஞ்சுக்காரன் | ஞாயிறு, காலை 11.15

ஏலம் முடிந்து இப்போதுதான் போனைப் பார்த்தேன். பாபு தம்பி, லாஞ்சு ஏறினால் விடிவதற்குள் ஆந்திராவா? லாஞ்சு என்ன ஷேர் ஆட்டோவா, கை காட்டினால் நிற்பதற்கு?

ஒரு விசைப்படகில் ஏழெட்டுப் பேர் போவோம். பத்து நாள், பதினைந்து நாள் தங்கல். டிரைவர் யார், சமையல் யார், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் ஐஸ் ஏற்றும்போதே பேசி முடிந்துவிடும். வலை இழுக்கத் தெரியாதவன் வந்தால் முதல் நாள் இரவே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு படுத்துவிடுவான். அவன் வேலையையும் சேர்த்துச் செய்பவன் கரைக்கு வந்ததும் முதலில் யாரிடம் புலம்புவான் என்று நினைக்கிறீர்கள்? மும்பைத் தாக்குதல் 2008-ல் நடந்தது முதல் அடையாள அட்டை, கடலில் சோதனை எல்லாம் இறுகிவிட்டது. நடுக்கடலில் கோஸ்ட் கார்டு நிறுத்தினால் ஆள் எண்ணிக்கை பார்ப்பார்கள். ஒருத்தன் அதிகமாக இருந்தால் படகு போச்சு. படகு என்பது எத்தனை லட்சம் கடன்! யாரோ ஒருத்தனுக்காக அதை யார் பணயம் வைப்பார்கள்?

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உங்கள் டேனமோரா ஆட்கள் இப்போது ஜூன் 6-ம் தேதி தப்பி இங்கே ஓடி வந்தால், லாஞ்செல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். நாங்களே வேலை இல்லாமல் வலை பின்னிக்கொண்டு, வருகிறவன் போகிறவனை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்போம். பிடிபட அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஜார்ஜ்டவுன்_குமாஸ்தா | ஞாயிறு, மதியம் 12.30

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நம்ம ஊரில் தலைமறைவு என்றால் பெரும்பாலும் ஒளிந்து வாழ்வது அல்ல, பேரம் படிகிற வரை உள்ள இடைவெளி. கேஸ் போட்டதும் ஆள் காணாமல் போவான். பத்து நாள் கழித்து நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வக்கீலோடு வந்து சரணடைவான். போலீஸ் கையில் சிக்குவதைவிட நீதிபதி முன் நிற்பது பாதுகாப்பு என்று நினைப்பதுதான் காரணம். மாவுக்கட்டு பயம் என்று பாபு கிண்டல் செய்ததை அவர்கள் கிண்டலாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜெயிலிலிருந்தோ வழிக்காவலிலிருந்தோ தப்பியவன் கதை வேறு. அவனுக்குப் பேரம் பேச எதுவும் கிடையாது, தப்பியதே தனிக் கேஸ். நம்ம பக்கம் சுவரை அறுத்துத் தப்பியவனைவிட, ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ கூட்டிப் போகும்போது பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லி ஓடியவர்கள்தான் அதிகம் பேர். கையில் காசு இருக்காது, திட்டமும் இருக்காது. நேராக வீட்டுக்குப் போவான். போலீஸ் அவனுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

வைத்துக் காப்பாற்றுபவர்களுக்கும் சட்டம் உண்டு. முன்பு ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 212, 216. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 249, 253. காவலிலிருந்து தப்பியவன் என்று தெரிந்தே இடம் கொடுத்தால், அவன் செய்த குற்றம் மரண தண்டனைக்கு உரியதாக இருந்தால் ஏழு வருஷம் வரை போகும். ஒரே விலக்கு, கணவன் மனைவிக்கு. மனைவி கணவனை ஒளித்து வைத்தாலோ, கணவன் மனைவியை ஒளித்து வைத்தாலோ இந்தப் பிரிவில் குற்றமில்லை.

கொருக்குப்பேட்டை_கல்பனா | ஞாயிறு, மதியம் 1.10

அப்படி என்றால் பெண்டாட்டி சோறு போட்டால் குற்றமில்லை, பெற்ற தாய் போட்டால் குற்றமா?

ஜார்ஜ்டவுன்_குமாஸ்தா | ஞாயிறு, மதியம் 1.18

எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது அக்கா. வெள்ளைக்காரன் எழுதியதை எண் மாற்றி அப்படியே வைத்திருக்கிறார்கள்.

கொருக்குப்பேட்டை_கல்பனா | ஞாயிறு, மதியம் 1.45

இந்த இழையில் எல்லோரும் ஜாலியாகப் பேசுகிறீர்கள், பேசுங்கள். ஆனால் தேடுதல் என்றால் ஹெலிகாப்டர் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவது.

என் தம்பியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன் ஒருத்தன் கேஸில் மாட்டி ஓடிவிட்டான். தம்பிக்கும் அவனுக்கும் பேச்சு நின்று பல காலம் ஆகிறது. கல்யாண ஆல்பத்தில் பக்கத்தில் நிற்கிறான், அவ்வளவுதான். ஆல்பத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூட்டிப் போனார்கள். சட்டை போடக்கூட விடவில்லை, அம்மா பின்னாலேயே சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். மறுநாள் சாயங்காலம் அனுப்பினார்கள். அடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கண்டெய்னர் யார்டில் 'போலீஸ் பிரச்சினை இருக்கும் ஆள் வேண்டாம்' என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஓடியவன் எங்கேயோ இருந்தான். உட்கார்ந்திருந்தது என் தம்பி.

ஓய்வுபெற்ற_ஏட்டு | ஞாயிறு, மதியம் 2.20

நடக்கும் அம்மா. நடக்கக் கூடாது. ஆள் கிடைக்காமல் மூன்றாவது நாள் ஆனால் மேலிடத்திலிருந்து மணிக்கு ஒரு போன் வரும். 'என்ன செய்தீர்கள்' என்று கேட்கும்போது 'பத்துப் பேரை விசாரித்தோம்' என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பத்தில் எட்டுப் பேர் உங்கள் தம்பி மாதிரிதான். அந்த எட்டுப் பேரும் அதற்குப் பிறகு போலீசுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள் என்பதை எங்கள் ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை. பின்னால் அதே தெருவில் வேறு கேஸ் வந்தால் கதவு திறக்காது.

நெறியாளர் | ஞாயிறு, மாலை 4.00

தற்போது தேடப்படும் எவர் பெயரையும் இங்கே எழுத வேண்டாம். அப்படி எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். பழைய, முடிந்த வழக்குகளைப் பேசலாம்.

புழல்ஏரி | ஞாயிறு, மாலை 5.25

பழைய கேஸ் என்றால் நம்ம ஊரிலேயே பெரியது இருக்கிறதே, யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ சங்கர். 1990-ல், புழல் சிறை எல்லாம் வருவதற்கு முன்னால், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறையிலிருந்து கூட்டாளிகளோடு தப்பினான். அப்போது நான் சூளையில் குடியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளைகளை வெளியே விடவில்லை. 'மூலக்கொத்தளத்தில் பார்த்தேன், ஓட்டேரியில் பார்த்தேன், லேடீஸ் வேஷத்தில் பார்த்தேன்' என்று தெருவுக்கு ஒரு கதை. இவ்வளவும் நடக்கும்போது ஆள் ஊரிலேயே இல்லை. பிடிபட்டது ஒடிசாவில், ரூர்கேலாவில். 1995 ஏப்ரலில் சேலத்தில் தூக்கு.

இதில் பாபுவுக்குப் பதில் இருக்கிறது. இந்த ஊரின் சந்து பொந்து எல்லாம் தெரிந்தவன், ஓடியபோது சந்துக்குள் போகவில்லை. முகம் தெரியாத ஊருக்குத்தான் போனான்.

1986-ல் சார்லஸ் சோப்ராஜ் என்ற தொடர் கொலைகாரன் டெல்லி திகார் சிறையில் காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்பைக் கொடுத்துவிட்டு நடந்தே வெளியே வந்தான். மார்ச் 16-ல் போனவன் ஏப்ரல் 6-ல் கோவாவில் ஒரு ஓட்டலில் மாட்டினான். அதுவும் சரியாக மூன்று வாரம், செல்வம் கவனிக்கவும். பிடித்தவர் மும்பை இன்ஸ்பெக்டர் மதுகர் ஜெண்டே. 1971-லும் அவனைப் பிடித்தவர் அவர்தான். கேமரா இல்லை, நாய் இல்லை, முகம் ஞாபகம் இருந்தது.

பேசின்பிரிட்ஜ்_பாபு | ஞாயிறு, மாலை 5.50

பெரியவர் சொல்வது இருக்கட்டும். 1995-ல் வேலூர் கோட்டையிலிருந்து சுரங்கம் தோண்டி 43 புலிகள் போனார்களே, அது? வீரப்பன் எத்தனை வருஷம் காட்டில் இருந்தான்? அவனை என்ன கொடியில் கைலி காயப் போட்டா பிடித்தார்கள்?

புழல்ஏரி | ஞாயிறு, மாலை 6.12

கிட்டத்தட்ட அப்படித்தான். அதிரடிப்படை காட்டுக்குள் போய்ப் பிடிக்கவில்லை. கண் பார்வை மங்கி, வைத்தியத்துக்கு என்று அவனே காட்டை விட்டு வெளியே வந்தான். ஏறிய ஆம்புலன்ஸ் போலீசுடையது. 2004 அக்டோபர் 18, பாப்பாரப்பட்டி. அதுவரை அவன் இருந்ததற்குக் காரணம் மரங்கள் மட்டுமா? அரிசி, பருப்பு கொண்டுபோய்க் கொடுத்த கிராமங்கள். கொஞ்சம் பாசம், நிறையப் பயம். அந்தக் கிராமங்களும் கல்பனா தம்பி அனுபவித்ததைப் பல மடங்கு அனுபவித்தன.

வேலூர் வேறு. 43 பேருக்கு வெளியே ஒரு இயக்கமே இருந்தது. டேனமோரா ஆட்களுக்கு ஒரு கார் கூட இல்லை.

மாதவரம்_செல்வம் | ஞாயிறு, இரவு 8.30

நல்ல பதில்கள். எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. வடசென்னையில் ஒளிய முடியாது என்றால் எங்கே முடியும்? என் அக்கா ஓஎம்ஆர் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடியில் இருக்கிறார். எதிர் ஃபிளாட்டில் யார் என்று கேட்டால் 'யாரோ ஐடி பசங்க' என்கிறார். சாப்பாடு ஆப்பில் வருகிறது, கதவு வாசலில் வைத்துவிட்டுப் போகிறான், முகம் பார்ப்பதில்லை. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை சந்தேக நபர்கள் ஐந்து பேரை என்கவுன்டர் செய்தார்களே, அவர்களும் மாணவர்கள் மாதிரி வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் குடியிருப்பவர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரர்களுக்கு உத்தரவே வந்தது. ஆனால் தனிப்படை முதலில் வருவது இன்னமும் நம்ம பக்கம்தானே?

ஓய்வுபெற்ற_ஏட்டு | ஞாயிறு, இரவு 9.05

கேட்டில் செக்யூரிட்டி நிற்கும் இடத்தில் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் காலையில் கமிஷனர் ஆபீசுக்குப் போன் போகும். கொருக்குப்பேட்டையில் தட்டினால் போகாது. இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: சொந்தக்காரர் யாரும் இல்லாத, கையில் காசு இல்லாத வெளியூர்க்காரன் வடசென்னைக்குள் புகுந்தால் இரண்டு நாள். முதல் நாள் பசி, இரண்டாம் நாள் டீக்கடை. மூன்றாம் நாள் எங்களுக்கு வேலை வைக்காமல் பொதுமக்களே கட்டி வைத்திருப்பார்கள். சொந்தக்காரர் இருந்தால் அந்தச் சொந்தக்காரர் எவ்வளவு நாள் தாங்குவாரோ அவ்வளவு நாள்.

பேசின்பிரிட்ஜ்_பாபு | ஞாயிறு, இரவு 9.21

குமாஸ்தா அண்ணா, ஒரு சந்தேகம். தெரியாமல் நான் அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டால் என் மேல் கேஸ் வருமா? சீரியஸாகக் கேட்கிறேன், என் மச்சான் டீக்கடை வைத்திருக்கிறார்.

ஜார்ஜ்டவுன்_குமாஸ்தா | ஞாயிறு, இரவு 9.48

வராது. அவன் தப்பியவன் என்று தெரிந்திருக்க வேண்டும், அவனைப் பிடிபடாமல் காப்பாற்றும் எண்ணமும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் 253. காசு வாங்கிக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தவர் குற்றவாளி ஆக மாட்டார், சாட்சி ஆவார். சம்மன் வரும், கடையை மூடிவிட்டு வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வாசலில் வந்து உட்கார வேண்டியிருக்கும். அதற்கு மச்சானைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.